குடோனுக்குள் நீதான் சர்க்கார்

குமரேசா, நேற்று நீ போனில் "வெள்ளிக்கிழமை காலையில புதுக் குடோனுக்கு விளக்கேத்த வந்துரும்மா, கார் அனுப்புறேன்" என்றாய். சரி என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை என்றதும் "என்னம்மா, கோவமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். என் கோபம் உனக்குத் தெரியாததா? என் கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் அப்பளம் வைத்துவிட்டு என் தங்கச்சி இலையை மட்டும் தாண்டிப் போன உன் சின்னப் பாட்டியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் செத்த வீட்டுக்குப் போய் முறைப்படி அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் மறக்கவில்லை. மறக்கத் தெரியாதது என் பிறவிக் குணம். அதை இந்த வயதில் மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கு இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் நடுவில் லாரிக்காரன் கூப்பிடுவான், நீயும் "இரும்மா, வாரேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். உன் மகள் கீர்த்தனாதான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்க்கிறாள். எழுத்தைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். அனுப்பட்டும். உன்னைப் போலக் குடோன் வைத்திருக்கும் மகன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் அம்மாமார்கள் எல்லாருக்கும் எழுத வராது.

பரீட்சைக்குப் படிக்க அவளை நீ என்னிடம் விட்டுவைத்தது நல்லதாகப் போயிற்று. காலையில் கோச்சிங் கிளாஸுக்குப் போகும்முன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். கிளைவ், கர்சன், மழை அளவு, ரத்த வகை என்று எல்லாம் என் காதிலும் விழும். ஒரு நாள் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது "அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது, பேரே ரயில் மாதிரி நீளுது?" என்று கேட்டேன்.

"நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுனாங்கல்ல அப்பத்தா, அதுல ஒரு பகுதி. கவர்மெண்டு எதையெல்லாம் மனசுல வச்சு நடக்கணும்னு சொல்லி வச்சது."

"நடக்கலேன்னா?"

"ஒண்ணும் பண்ண முடியாது. இத வச்சுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதையும் அதுலயே எழுதி வச்சிருக்காங்க."

"அப்புறம் எதுக்குடி வேலை மெனக்கெட்டு எழுதுனாக?"

"அதத்தான் பரீட்சையில கேப்பாங்க" என்று சிரித்தாள்.

முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கை ஓடவில்லை. ஒரே வேலை செய்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பிள்ளை பெறப் போகிறவளுக்கு உதவி. ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது. ஊரை ஊரார் பார்த்துக்கொள்வது. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பு, எல்லாருக்கும் சத்தான சாப்பாடு, காட்டையும் அதில் இருக்கிற உயிர்களையும் காப்பது. நல்ல மாமியார் ஒருத்தி புது மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் குடும்பம் இப்படி நடக்க வேண்டும் தாயி என்று நிதானமாகச் சொல்வாளே, அப்படி இருந்தது. எனக்கு வாய்த்த மாமியாரைச் சொல்லவில்லை, நல்ல மாமியாரைச் சொல்கிறேன். கூலி நெல்லை ஆணுக்குக் கூம்பாக அளந்து, பெண்ணுக்கு மரக்காலின் தலையைத் தட்டி அளந்த களத்தில் நின்று முந்தானை பிடித்தவள் நான். அதனால் கூலிச் சங்கதியை மறுபடி படிக்கச் சொன்னேன். அதற்கும் வக்கீலுக்கும் பஞ்சாயத்துக்கும் பிற்பாடு தனித்தனிச் சட்டமே வந்துவிட்டது என்றாள். நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அடுத்து அவள் படித்ததுதான் என்னை உலுக்கியது. நாற்பத்து மூன்றாவது பிரிவு என்றாள். விவசாய வேலையோ, தொழிற்சாலையோ, வேறு எதுவோ, உழைக்கிற எல்லாருக்கும் பிழைக்கிற அளவுக்குக் கூலி கிடைக்க வழி செய்ய வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால் நானும் தலையாட்டிவிட்டுக் கீரையைப் பார்த்திருப்பேன். அதோடு விடவில்லை. அவர்களுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும், அந்த ஓய்வை அவர்கள் நிறைவாக அனுபவிக்க வேண்டும், ஊரோடு கலந்து நல்லது பொல்லாதில் இருக்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதாம்.

"ஆட்டம்பாட்டமும் சேத்தியாடி?"

"பண்பாட்டு வாய்ப்புன்னு போட்டிருக்கு அப்பத்தா. ஆட்டம்பாட்டமும் அதுக்குள்ளதான் வரும்."

"இத எப்ப எழுதுனாக?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே."

ஆய்ந்த கீரையையும் காம்பையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டேன். அன்றைக்கு வெஞ்சனம் இல்லாமல் ரசத்தை ஊற்றித்தான் சாப்பிட்டோம். ஏன் அப்படி ஆனது என்பது கீர்த்தனாவுக்கே அப்போது தெரியாது. உனக்கும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

கல்யாணத்துக்கு முன்னால் கன்னிவாடியில் ஒரு வெங்காயக் களத்தில் காய்ந்த தாளை அறுத்து வெங்காயத்தைப் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். களத்துக்காரர் சாது. அவர் வீட்டம்மாதான் எல்லாம். அந்தம்மா பேரை இந்தக் காகிதத்தில் எழுதிக் காகிதத்தைக் கெடுக்க மாட்டேன். அந்த வருசம்தான் மாரியம்மன் திருவிழாவுக்கு முதல்முறையாக என் கையால் முளைப்பாரி போட்டேன். சட்டிக்குள் எருவைப் பரப்பி, மொச்சையும் தட்டாம்பயறும் விதைத்து, பூசாரி வீட்டு இருட்டு அறையில் எல்லாச் சட்டிகளோடும் கொண்டுபோய் வைத்தேன். அப்புறம் தினமும் பொழுது சாய்ந்ததும் விதை போட்டவள்களெல்லாம் அங்கே வட்டம் கட்டிக் கும்மி அடித்துப் பாட வேண்டும். பாட்டைக் கேட்டுத்தான் பயிர் எழும்பும் என்பார்கள். நிஜமோ பொய்யோ, அந்தச் சில நாட்கள்தான் எங்களுக்கு வருசம். மற்ற நாளெல்லாம் வெங்காயத்தின் நாள்.

அந்த வாரம் பார்த்துக் களத்தில் சரக்குக் குவிந்துவிட்டது. பொழுது சாய்ந்தும் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டாள் அந்தம்மா. நான் எழுந்து நின்று, "முளைப்பாரிக்குப் பாடப் போகணும், விடியமுன்ன வந்து அறுத்துக் குடுத்துர்றேங்க" என்று கேட்டேன். வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் என்னடி ஆட்டம்பாட்டம்?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்து நான் ஓடிப் போகிறபோது கும்மி கலைந்து எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள். திருவிழா வரைக்கும் அதுவேதான் நடந்தது. சட்டிகளை வெளியே எடுத்த அன்றைக்கு எல்லாருடைய பயிரும் நெடுநெடுவென்று நிற்க, என்னுடையது மட்டும் குட்டையாக நின்றது. "பாட்டுக் கேக்காத பயிரு பின்ன எப்படி வளரும்?" என்றாள் என் அத்தை மகள். என் அம்மா என்னை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

விதை சொத்தையோ, தண்ணீர் பற்றவில்லையோ, யார் கண்டது? பயிர் குட்டையாய்ப் போனதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தக் கேள்வியைத்தான் மன்னிக்கவில்லை. அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று துணி துவைக்கும்போதும் உன்னைத் தூளியில் போட்டு ஆட்டும்போதும் யோசித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. கூலிக்கு வந்தவளுக்குக் கும்மி எதற்கு என்றால் என்னதான் சொல்வது? அந்தப் பதிலை எனக்கு முன்பே யாரோ படித்த மனுசர்கள் உட்கார்ந்து யோசித்து, நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், குமரேசா. அந்தம்மா கேட்ட அன்றைக்கே அது அச்சாகி இருந்திருக்கிறது. நான் தனியாக நிற்கவில்லை. அது தெரியாமல்தான் உட்கார்ந்துவிட்டேன். களத்தைக் கண்ணால் பார்த்தார்களோ இல்லையோ, கூலிக்காரிக்கும் ஒரு சாயங்காலம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே. பெற்ற தாய் தகப்பனுக்கே தோன்றாத காலம் அது.

இந்த நினைப்போடு நான் மிதந்துகொண்டிருந்த வாரம்தான் நீ ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்தாய். சித்தையன்கோட்டை ரோட்டில் கட்டிய புது வெங்காயக் குடோனுக்கு எழுதச் சொன்ன போர்டைப் போனில் காட்டினாய். கீர்த்தனா வாய்விட்டுப் படித்தாள். பீடி சிகரெட் கூடாது, செல்போன் கூடாது, லோடு ஏறி முடியும் வரை வேலையாட்கள் வெளியே போகக் கூடாது.

"ஏம்ப்பா, அப்ப பேச்சி அத்தை? முளைப்பாரிக்கு அவங்கதான பாட்டெடுத்துக் குடுக்கணும்?" என்று கேட்டாள். உன்னிடம் பழைய குடோனில் வருசக்கணக்காகத் தாள் அறுத்த பேச்சியம்மாளைத்தான் சொன்னாள்.

"அதான் அவள புதுக் குடோன்ல சேக்கல. ஆறு மணிக்கு விட்டாத்தான் வருவேங்கிறா. லாரி எட்டு மணிக்கு வந்தா நான் என்ன பண்றது?" என்ற நீ என் பக்கம் திரும்பி, "இவளுகளுக்கெல்லாம் என்னம்மா ஆட்டம்பாட்டம்?" என்றாய்.

அதை நீ சொன்னபோது உன் சோற்றில் நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன். இன்னொரு கரண்டி கறியும் வைத்தேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் வாயில் அந்தம்மாளின் பேச்சு எப்படி வந்து உட்கார்ந்தது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ அவளைப் பார்த்ததுகூட இல்லை.

கீர்த்தனா விடவில்லை. நாற்பத்து மூன்றைச் சொன்னாள். நீ சிரித்தாய். "இந்தா பாரு பாப்பா, அது கவர்மெண்டுக்குச் சொன்னது, எனக்கில்ல. அதுவும் கோர்ட்டுல நிக்காது. ஒங்க கிளாஸ் சாரையே கேட்டுப் பாரு" என்றாய். நீ போன பிறகு அது நிஜமா என்று அவளைக் கேட்டேன். "அப்பா சொன்னது ரெண்டும் சரிதான் அப்பத்தா" என்றாள். சரியாக இருக்கட்டும். சரியானதைச் சொன்னதால் மட்டும் ஒருவன் வென்றுவிட்டதாக ஆகிவிடாது.

செவ்வாய்க்கிழமை பேச்சி டவுனுக்கு முளைப்பாரி மொச்சை வாங்க வந்தவள் என்னையும் எட்டிப் பார்த்தாள். "என்னடி, எம்மவன் ஒன்ன நிப்பாட்டிட்டானாமே" என்று நானே ஆரம்பித்தேன்.

"நிப்பாட்டல ஆத்தா. ஆறு மணிக்கு மேல நிக்க மாட்டேன்னேன், அப்ப வீட்டுலயே உக்காருன்னுட்டாரு" என்று கலகலவென்று சிரித்தாள். "பூப்பறிக்கப் போறேன். விடியக்காலம் போனா மத்தியானம் வீடு. பூவு லாரிக்காகக் காத்துக் கெடக்காது பாருங்க."

"அம்புட்டுக் கொழுப்பாடி ஒனக்கு?"

"இருக்கறது அது ஒண்ணுதான ஆத்தா." அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல. புதுக் குடோனுக்குச் சேந்திருக்கவளுக எல்லாம் எங்க ஊருக்காரிகதான். அவளுகளும் லோடு ஏறுற மட்டும் உள்ள கெடந்தா, நான் யாருக்குப் பாட்டெடுத்துக் குடுப்பேன்? இந்த வருசம் கும்மிக்கு வட்டம் சேராது. கெழவிகளும் சின்னப் புள்ளைகளும் மட்டும் கை தட்டுனா அது கும்மியா?"

நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். "வேணாம் ஆத்தா. பெத்தவுக சொன்னாகன்னு விட்டா அது என்ன விடுறது? அண்ணனுக்காத் தோணணும்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் வேண்டாம் என்று சொல்லியும் நான் எழுதுகிறேன். அவள் பேச்சைக் கேட்க நான் அவளிடமா வேலை பார்க்கிறேன்?

அரசாங்கத்துக்குச் சொன்னது, எனக்கில்லை என்றாயே, அதற்கு வருகிறேன். சர்க்கார் என்றால் யார் அப்பு? எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்கிறவர்தானே? அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அதையெல்லாம் சொல்வது கலெக்டரா? போர்டு எழுதி மாட்டுவது டெல்லிக்காரரா? குடோனுக்குள் நீதான் சர்க்கார். உள்ளே வந்து பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு உன்னை விட்டால் வேறு சர்க்கார் கிடையாது. எழுதினவர்கள் உன் பேரை எழுதவில்லை என்பதால் உனக்குச் சம்பந்தம் இல்லை என்று ஆகாது.

கோர்ட்டில் நிற்காது என்றதுதான் எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாய். உன் அப்பா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தில் கட்டிவிட்டு, பிழைத்தால் வருசா வருசம் பழனிக்கு நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். நீ பிழைத்தாய். அவர் முட்டி தேயும் வரைக்கும் நடந்தார். நடக்காவிட்டால் முருகன் நோட்டீஸ் விடுவாரா, போலீஸ் அனுப்புவாரா? யாரும் கேட்க முடியாது என்பதால்தான் அவர் நடந்ததற்கு மதிப்பு. இந்த நெறிமுறை என்கிறதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அன்றைக்கு நாட்டின் கையில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் உடனே தருகிறேன் என்றால் பொய்யாகும், தரவே முடியாது என்றால் பாவமாகும். அதனால் நேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்கிறது, கூலிக்கு ஒரு சட்டம், வக்கீலுக்கு ஒரு சட்டம் என்று. அவிழாத முடிச்சுகளும் இருக்கின்றன. எத்தனையோ பேர் ஆண்டார்கள், போனார்கள், முடிந்து வைத்ததை யாரும் தூக்கி வீசவில்லை. எனக்கு அதில் பெரிய மரியாதை.

உன்மேலும் எனக்கு மரியாதை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுகிறாள் கிழவி என்று நினைப்பாய். பழைய குடோன் கட்டும்போது கூரை போடுமுன்னே பெண்களுக்கு உள்தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் கட்டினாய். பக்கத்துக் குடோன்காரர் வந்து, "மாப்ள, குடோன் கட்டுறியா, கல்யாண மண்டபம் கட்டுறியா?" என்று நக்கல் அடித்தார். "ஒதுங்க எடம் தேடிப் போனா எனக்குத்தான வேலை கெடும்" என்று கணக்குப் பேசுகிற மாதிரி பேசி அவர் வாயை அடைத்தாய். உன் கண் பேசியது வேறு. நான் பார்த்தேன். குத்தவைத்தே இடுப்பு விட்டுப்போகிறது என்று யாரோ முனகியதைக் கேட்டு, மறுநாளே ஆளுக்கொரு பலகை அடித்துப் போட்டாய். எந்த இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார்? எந்தக் கோர்ட்டு சொன்னது? தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். கட்டாயம் இருந்தால்தான் செய்வேன் என்கிற ஆள் நீ இல்லை. அப்படிப்பட்ட ஆள் மாதிரி என் முன்னால் பேசாதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு நட்டம் வராது என்று நான் சொல்ல மாட்டேன். வரலாம். லாரி பிந்தினால் சரக்கு மறுநாள் வரை கிடக்கும், விலை இறங்கும், தெரியும். ஆனால் லாரி எட்டு மணிக்கு வருவது மழை மாதிரி தானாக நடப்பதில்லையே. மத்தியானமே அனுப்பு என்று புரோக்கரிடம் கறாராகச் சொன்னால் நாலு நாள் முனகுவான், ஐந்தாம் நாள் அனுப்புவான். தாள் அறுப்பது ஆறோடு முடியட்டும், மூட்டை ஏற்றுகிற ஆண்கள் இருந்து ஏற்றட்டும். அவர்களுக்கும் ஒரு பொழுது வேண்டும், அதையும் நீயே யோசி. இதற்கு மேல் வியாபாரத்தில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வாரேன். போர்டில் வெளியே போகக் கூடாது என்ற வரியை அழித்தாயா, பேச்சியைக் கூப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். போர்டு மாட்டிய பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விளக்கை ஏற்றுவேன், உன் நெற்றியில் திருநீறு பூசுவேன். என் பேச்சும் கோர்ட்டில் நிற்காது அப்பு. பெற்றவள் சொல் எந்தக் கோர்ட்டில் நின்றிருக்கிறது? அதனால் கட்டாயம் எதுவும் இல்லை. காரை மட்டும் உடனே திருப்பி அனுப்பிவிடு, நான் அங்கேயே ஒரு ஓரமாகச் சாயங்காலம் வரை இருக்கிறேன். அன்றைக்குப் பேச்சி ஊரில் கும்மி தொடங்குகிற நாள். ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு உன் குடோன் வாசலில் நிற்பேன். உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வந்தால், கும்மிக்கு வழி கேட்டு அவர்கள் பின்னாலேயே போவேன்.